ஸ்பிரிங்கை அடக்கும் கருவி

எங்கள் வீட்டுக் காருக்குப் பன்னிரண்டு வயது. மனிதர்களுக்கு அது துள்ளித் திரியும் பருவம். காருக்கோ முழங்கால் வலிக்கிற பருவம். போன தை மாதத்திலிருந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கத்தில் "டொக், டொக்" என்று ஒரு சத்தம். மார்க்கெட்டில் தக்காளி வாங்கிக்கொண்டு வந்தால், வீடு வந்து சேர்வதற்குள் பாதி ரசமாகிவிடுகிறது.

"முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன" என்றார் என் கணவர். சொல்லும்போது அவர் முகத்தில் துக்கம் ஒன்றும் தெரியவில்லை. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷமாக ஈசிசேரில் சாய்ந்திருந்த மனிதருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டதே!

ஒர்க் ஷாப்பில் கேட்டதற்குச் சாமான் விலை போகக் கூலி மட்டும் மூவாயிரத்துக்கு மேல் என்றார்களாம். "போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலைதானே? நானே செய்துவிடுவேன். என்னிடம் இல்லாதது ஒரே ஒரு கருவி. ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்று பெயர். செல்போனில் பார்த்தேன், தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்தான்" என்றார்.

செல்போனை வாங்கிப் பார்த்தேன். தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு ஒன்று இருந்தது. அதே மாதிரி இரண்டாயிரத்து எழுநூறுக்கு இன்னொன்று. மூவாயிரத்து ஐந்நூறுக்கு வேறொன்று. மூன்றும் பார்வைக்கு ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன.

"எதற்கு இத்தனை வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் கம்பெனிப் பேருக்காக."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. குக்கர் வாங்குவதற்கே மூன்று கடை ஏறி, மூடியைத் திருப்பிப் பார்த்து, வளையத்தை இழுத்துப் பார்த்து வாங்குகிறவள் நான். கார் அவருடையது, கையும் அவருடையது. ஆனால் அந்தக் கை எனக்கும் வேண்டுமே! ஆகவே இந்த வாரம் முழுவதும் இந்தக் கருவியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய காரும், ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்பானரை எடுக்கிற ஒரு கணவரோ மகனோ இருக்கலாம்.

முதலில் இந்தக் கருவி எதற்கு என்று தெரிய வேண்டும். இக்காலத்துச் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மேலே ஒரு தூண் மாதிரி நிற்கும். அந்தத் தூணுக்குள்தான் ஷாக் அப்சார்பர். அதைச் சுற்றிக் கெட்டிக் கம்பியால் ஆன ஸ்பிரிங். இதற்கு மக்ஃபர்ஸன் ஸ்ட்ரட் என்று பெயர். ஏர்ல் மக்ஃபர்ஸன் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1940-களில் யோசித்து உருவாக்கியது. 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கம்பெனி கான்ஸல், ஸெஃபிர் என்ற கார்களில் கொண்டுவந்தது. நம் ஊருக்கு 1983-ல் வந்த மாருதி 800-ன் முன்பக்கமும் இதே அமைப்புத்தான்.

அந்த ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. மேல் தட்டை ஷாக் அப்சார்பரின் நடுக் கம்பியில் ஒரே ஒரு நட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரிலிருந்து தூணைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தாலும், உள்ளே ஸ்பிரிங் அமுங்கியபடிதான் இருக்கும். பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும். அந்த நட்டைக் கழற்றினால் விடுதலை ஆகிவிடும்.

ஆவி அடங்குவதற்கு முன் குக்கர் மூடியைத் திறக்க நம்மில் யாருக்காவது தைரியம் உண்டா? இதுவும் அப்படித்தான். குக்கராவது விசில் அடித்து எச்சரிக்கும். ஸ்பிரிங்குக்கு விசில் கிடையாது.

எவ்வளவு பலம் என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங்கை ஒரு செண்டிமீட்டர் அமுக்க 20 கிலோ பாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 செண்டிமீட்டர் அமுக்கினால் 300 கிலோ. அது சட்டென்று விடுபட்டால் வெளிவரும் சக்தி, 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து காலில் போட்டதற்குச் சமம். சிப்பமாவது நேரே கீழே விழும். இது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே நட்டில் கை வைக்கும் முன் ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்பிரிங் கம்ப்ரஸர். வீட்டு வேலைக்கு விற்பது ஒரு ஜோடிக் கம்பி. ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் நீளமான மரை. கம்பியின் தலையை ஸ்பானரால் திருகினால் கொக்கிகள் ஒன்றை ஒன்று நெருங்கும். ஸ்பிரிங்கும் கூடவே அமுங்கும்.

நான் இவ்வளவும் படித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மணி அடித்தது. பார்சல்! என்னிடம் அபிப்பிராயம் கேட்ட அன்றே அவர் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்ச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "புதுப்பேட்டைக்குப் போய் பாயிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம்" என்றேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுப்பேட்டையில் பழைய காரைப் பிரித்து விற்கிற தெருவில் பாயின் கொட்டகை இருக்கிறது. என் அப்பாவின் அம்பாஸிடர் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் கார் வைத்தியர். அம்பாஸிடருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்று பழைய கதையை ஆரம்பித்தார். அதற்கு முன்னால் முறுக்குக் கம்பி, பின்னால் பட்டை ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. இப்போதுகூடப் பல சிறிய கார்களில் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே ஷாக்கை மட்டும் மாற்ற இந்தக் கருவி தேவைப்படாதாம். உங்கள் வீட்டுக் காரில் எந்தப் பக்கம் பழுது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே செலவு மிச்சமானாலும் ஆகலாம்.

பார்சலைப் பிரித்துப் பார்த்த பாய் சிரிக்கவில்லை. கொட்டகையின் தகரக் கூரையைக் கையால் காட்டினார். ஒரு சாண் அகலத்துக்கு வேறு தகரம் வைத்து ஒட்டுப் போட்டிருந்தது.

"பதினெட்டு வருஷமாச்சும்மா. இதே மாதிரி சாமான்தான். கொக்கி ஒண்ணு நகந்துடுச்சு. ஸ்பிரிங் போன வழி அது. போற வழியில பையனோட மணிக்கட்டைத் தட்டிட்டுப் போச்சு. இன்னிவரைக்கும் அவனால அந்தக் கையால ஸ்பானரைத் திருப்ப முடியல."

என் கணவர் தம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவருக்குத் தெரியாமலே செய்ததாக இருக்கும்.

அந்தப் பார்சல் சாமானில் என்ன குறை என்று பாய் ஒவ்வொன்றாகக் காட்டினார். வாங்கப் போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொக்கிதான் முதல். அதில் கொக்கிக்கு ஒரே ஒரு பல். ஆழமும் இல்லை; ஸ்பிரிங் கம்பியின் மேல் சும்மா உட்காருமே தவிர, கவ்விப் பிடிக்காது. நல்ல ஜோடியில் ஒவ்வொரு கொக்கிக்கும் அகலமாக இரண்டு பல் இருக்கும். கம்பியைப் பாதிக்கு மேல் வளைத்துப் பிடிக்கும். அதோடு, கொக்கியின் வாயை அடைக்கிற மாதிரி குறுக்கே ஒரு பின்னோ பூட்டோ இருக்கும். சேப்டி பின் இல்லாமல் முந்தானையை நம்பி பஸ்ஸில் ஏறுகிறவர்கள் உண்டா? இந்தப் பின் இல்லாத கம்ப்ரஸரைத் தொடவே தொடாதீர்கள். விலையில் ஐந்நூறு, ஆயிரம் வித்தியாசம் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கொக்கி எப்படிச் செய்தது என்பதும் கவனிக்க வேண்டியது. பார்சல் சாமானின் கொக்கி வார்ப்பு. மேலே மணல் மணலாகச் சொரசொரப்பு, ஓரத்தில் அச்சுக் கோடு. "வார்ப்பு உடையும், அடிச்ச இரும்பு வளையும். வளைஞ்சா உங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். உடைஞ்சா அப்புறம்தான் தெரியும்" என்றார் பாய். காய்ச்சி அடித்த இரும்பில் செய்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது மரை. நம் மேஜை போல்ட்டில் இருக்கிற மாதிரி கூரான சின்ன மரையாக இருந்தால், பாரம் ஏறின பிறகு தேய்ந்து பிடித்துக்கொள்ளும். பட்டறை வைஸில் இருக்குமே, தட்டையாகவும் தடிமனாகவும், அந்த மாதிரி மரை வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கையாலேயே சுற்றிப் பார்க்கலாம். எங்கேயும் திக்கக் கூடாது. கம்பியின் தலைக்குக் கீழே ஒரு சின்ன பேரிங் இருந்தால் உத்தமம். திருகுகிறவருக்குப் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

எத்தனை கிலோ தாங்கும் என்பது கருவியின் மேலேயே பொறித்திருக்க வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எடை ஒரு கம்பிக்கா, ஜோடிக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அளவு. இந்த இடத்தில் என் தையல் டேப் உதவியது! சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கின் வெளிவிட்டம், கம்பியின் தடிமன், சுற்றுக்குச் சுற்று இடைவெளி, மொத்த நீளம் நாலையும் குறித்துக்கொண்டோம். இடைவெளி குறுகலாக இருந்தால் பருத்த கொக்கி நுழையாது. சில புதிய கார்களில் ஸ்பிரிங் நடுவில் பருத்தும் நுனியில் சிறுத்தும் பீப்பாய் மாதிரி இருக்கும். அதில் இந்தக் கொக்கிகள் வழுக்கும். அதற்குச் சுற்றை முழுக்கத் தாங்குகிற தட்டு வைத்த கருவி வேறு இருக்கிறது, விலையும் வேறு. அப்படிப்பட்ட கார் உள்ளவர்கள் பேசாமல் ஒர்க் ஷாப்புக்குப் போய்விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பாய் கடைசியாக ஒரு யோசனை சொன்னார். "எதுக்குச் சார் கருவி? தூணை மட்டும் வீட்லயே கழட்டி ஆட்டோல போட்டு எடுத்துட்டு வாங்க. நம்ம சுவத்து மிஷின்ல வச்சு ஸ்பிரிங்கை மாத்தித் தர்றேன். ரெண்டுக்கும் சேத்து ஐந்நூறு குடுங்க. திருப்பி எடுத்துட்டுப் போய் மாட்டிக்குங்க."

ஒரே ஒரு கார், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை என்றால் இதைவிடச் சிக்கனமும் இல்லை, இதைவிடப் பத்திரமும் இல்லை. நான் உடனே சரி என்றிருப்பேன். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன். பொம்மைக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் பிள்ளை மாதிரி இருந்தது.

பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பணமும் வந்துவிட்டது. பிறகு அண்ணா சாலைக்குப் பக்கத்து ஜி. பி. ரோட்டில் இரண்டு மணி நேரம் அலைந்தோம். டேப் அளவுகளைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனதால் கடைக்காரர்கள் என்னை மதித்துப் பேசினார்கள். இரண்டு பல் கொக்கி, குறுக்குப் பின், தட்டை மரை, எடை பொறித்தது. விலை இரண்டாயிரத்து எழுநூறு. இவர் என்னைப் பார்த்தார். நான் முன்தினமே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். மாடி வீட்டு அக்காவின் கார் எங்கள் காரைவிடக் கிழம். அம்பத்தூரில் இருக்கும் என் தம்பியின் காரும் அதே ஜாதி. மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஜோடி, ஆளுக்குத் தொள்ளாயிரம். முதலில் வந்த பார்சலைவிட ஐம்பது ரூபாய் குறைச்சல்!

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. கார் ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கவில்லை. கீழே ஸ்டாண்டும் கொடுத்தாயிற்று. பானெட்டைத் திறந்தால் தூணின் உச்சியில் சுற்றிலும் சின்ன நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. எங்கள் கார் மாதிரியான அமைப்பில் கழற்ற வேண்டியது சின்னவற்றைத்தான். நடு நட்டின் மேல் நான் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். மாடி வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "திருஷ்டிக்கா?" என்று கேட்டார். அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

தூணை வெளியே எடுத்து வைஸில் பிடித்து, கொக்கிகளை எதிரும் புதிருமாக மாட்டினோம். பின்னைச் செருகினோம். மரையில் எண்ணெய் விட்டோம். இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று. மிஷின் வைத்துத் திருகக் கூடாது, கை ஸ்பானர்தான். எண்ணுவது என் வேலை. இரண்டு பேரும் பக்கவாட்டில்தான் நின்றோம். ஸ்பிரிங்கின் நுனிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது என்று பாயின் உத்தரவு. இவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டிருந்தேன்.

பதினாறு எண்ணியபோது எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எதிரெதிராக மாட்டிய கம்பிகளில் ஒன்று, சுருளின் சரிவோடு இரண்டு விரற்கடை நகர்ந்து மற்றதன் பக்கம் வந்திருந்தது. ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளையத் தொடங்கியிருந்தது.

"நிறுத்துங்க" என்றேன்.

"இன்னும் ரெண்டே சுற்று..."

"நிறுத்துங்க!"

நிறுத்தினார். முன்பு போலவே மாற்றி மாற்றி முழுக்கத் தளர்த்திவிட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்தது. மரைக்கு விட்ட எண்ணெய் ஸ்பிரிங்கிலும் வழிந்திருந்தது. மரைக்கு எண்ணெய் வேண்டும். கொக்கி உட்காரும் இடம் காய்ந்திருக்க வேண்டும். பழைய துண்டால் அழுத்தித் துடைத்து, நேர் எதிரெதிராக மறுபடியும் மாட்டினோம். அந்தப் பின் இல்லாதிருந்தால் கொக்கி நகர்ந்ததோடு நின்றிருக்காது என்பதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. பார்சல் சாமானைப் பற்றியும் அவர் அன்றிலிருந்து பேசவில்லை.

இரண்டாந்தடவை நேராக அமுங்கியது. தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரிந்து, கையால் அசைத்தால் ஸ்பிரிங் லேசாகத் திரும்பியதும் போதும் என்று நிறுத்தினோம். முழுக்க அமுக்குவது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை. பிறகுதான் நடு நட்டு. பழைய ஷாக் வெளியே வந்தது. எண்ணெய் கசிந்து, தள்ளினால் திரும்பி வராமல், பாவம். கூடவே மேல் ரப்பர் மவுண்டையும், உள்ளே இருக்கும் சின்ன ரப்பரையும் மாற்றிவிட்டோம். சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, அடுத்த வருஷம் அதற்காக இந்த ஸ்பிரிங்கோடு இன்னொரு தடவை மல்லுக்கட்ட யாரால் முடியும்? ஷாக் ஒரு பக்கம்தான் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதும் பாய் சொன்னதுதான்.

பொருத்தும்போது ஸ்பிரிங்கின் நுனி, தட்டில் அதற்கென்று இருக்கிற பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். நட்டை முழுக்க இறுக்கிய பிறகுதான் கொக்கிகளைத் தளர்த்தலாம். அதுவும் மாற்றி மாற்றி.

முதல் பக்கத்துக்கு மூன்றரை மணி நேரம். இரண்டாவதற்கு ஒன்றரை. நடுவில் சாம்பார் சாதம். மறுநாள் வீல் அலைன்மென்ட் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோனோம்; தூணைக் கழற்றி மாட்டினால் அது கட்டாயம், இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். அதற்கு ஆன செலவையும் நான் கணக்கில் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். சேர்த்த பிறகும் ஆயிரத்து நானூறு மிச்சம்.

தக்காளி இப்போது முழுசாக வீடு வந்து சேருகிறது. கம்ப்ரஸர் ஜோடி பழைய வேஷ்டியில் சுற்றி எங்கள் பரணில் இருக்கிறது. போன வாரம் தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனான். நாலு கொக்கி, நாலு பின் என்று எண்ணிக் கொடுத்தேன். "என்னக்கா, பாத்திரம் இரவல் குடுக்கிற மாதிரி எண்றே?" என்று சிரித்தான். திரும்பிக் கொண்டுவந்தபோது பின் மூன்றுதான் இருந்தது. நாலாவதைக் கார் ஷெட்டில் தேடி எடுத்துக் கொண்டுவந்த பிறகுதான் காப்பி கொடுத்தேன்.